உள்காதில் டிஎம்சி1: ஆன்டிபாடி காட்டும் பச்சை ஒளியை எப்போது நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், பிறந்து 7 நாளான சுண்டெலிக் குஞ்சின் காக்லியாவில் (உள்காதின் நத்தைக்கூடு) டிஎம்சி1 புரதம் (ஒலி அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் சேனலின் பகுதி) எங்கே இருக்கிறது என்று பார்க்க இரண்டு ஆன்டிபாடிகளை (ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் மூலக்கூறுகள்) விலைக்கு வாங்கியிருக்கிறார். முதலாவது, ஒலியை உணரும் மயிர்செல்களின் ஸ்டீரியோசிலியா (உச்சியில் நிற்கும் மயிர் போன்ற நீட்சிகள்) முழுவதையும் அடியிலிருந்து நுனிவரை பளிச்சென்று பச்சையாகக் காட்டுகிறது. இரண்டாவதில் செல்லுக்குள் மங்கலான ஒரு மூட்டம் மட்டுமே. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) முதலாவதுக்கு 75 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டை. இரண்டாவதுக்கு ஒன்றுமே இல்லை. "முதலாவதையே வைத்துக்கொண்டு, பெப்டைடு பிளாக்கிங் செய்து காட்டினால் போதுமா?" என்று கேட்கிறார்.

போதாது. அதைவிட முக்கியம், நீங்கள் நல்லது என்று நினைக்கும் முதல் குப்பிதான் அதிகச் சந்தேகத்துக்கு உரியது. ஏன் என்பதை ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் டிஎம்சி1 ஆன்டிபாடியைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுண்டெலியின் ஒரு காக்லியாவில் சுமார் 3,000 மயிர்செல்கள். வெளி மயிர்செல் ஒன்றில் ஏறத்தாழ 100 ஸ்டீரியோசிலியா, மூன்று வரிசைகளில், படிக்கட்டு போல. ஒலி அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் சேனல் மூன்று வரிசையிலும் இல்லை. கால்சியம் உள்ளே நுழையும் இடத்தை வேகமான கேமராவில் பிடித்து 2009இல் வெளியான ஆய்வு, குட்டையான வரிசைகளின் நுனியில்தான் சேனல் இருக்கிறது, நெட்டை வரிசையில் இல்லை என்று காட்டியது. ஆகவே ஒரு செல்லுக்கு 60 நுனிகள் என்று வையுங்கள். நுனிக்கு டிஎம்சி1 மூலக்கூறு 10 என்று வைப்போம். இரண்டு காதுக்கும் சேர்த்து 6,000 செல் × 60 நுனி × 10 = 36 லட்சம் மூலக்கூறுகள். இது 6 அட்டோமோல். டிஎம்சி1இன் எடை சுமார் 87 கிலோடால்டன். பெருக்கினால் அரை பிகோகிராம் வருகிறது. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கில் பாதி! நுனிக்கு 20 என்று வைத்தாலும் ஒரு பிகோகிராம்தான். செல் உடலுக்குள் தயாராகிக்கொண்டிருக்கும் புரதம் இதைப்போல் சில மடங்கு இருக்கிறது என்று தாராளமாகக் கூட்டினாலும், ஒரு எலியின் இரண்டு காக்லியாவிலிருந்து வருவது சில பிகோகிராம். பட்டையை ஒளிரச் செய்யும் மிக நுட்பமான இ.சி.எல். கரைசலே அந்த அளவில்தான் தடுமாறத் தொடங்கும்.

அப்படியிருக்க, ஒரு குஞ்சின் காக்லியாவை அப்படியே அரைத்து ஜெல்லில் ஏற்றியதற்கு ஒரு நிமிட எக்ஸ்போஷரில் தடித்த பட்டை வருகிறது என்றால், அது ஏராளமாக இருக்கும் வேறு ஏதோ புரதம். 75இல் வந்ததைப் பற்றி, "பல முறை சவ்வைத் தாண்டும் புரதங்கள் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளை அதிகமாகப் பிடித்துக்கொண்டு கணக்கிட்ட எடையைவிட வேகமாக ஓடும்" என்று சமாதானம் சொல்லலாம். ஓடும், உண்மைதான். ஆனால் அது பட்டையின் இடத்துக்கான விளக்கம். பட்டையின் தடிமனுக்கு அது பதில் சொல்லாது.

படத்துக்கும் இதே நியாயம். உண்மையான டிஎம்சி1 எப்படித் தெரிய வேண்டும் என்பதை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஃபலாய்டின் (ஸ்டீரியோசிலியாவுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளைக் காட்டும் சாயம்) போட்ட ஒரு வெளி மயிர்செல்லை மேலிருந்து பார்த்தால், வாய் அகன்ற "வி" வடிவத்தில் மூன்று வரிசை. அதில் இரண்டாம், மூன்றாம் வரிசை நுனிகளில் மட்டும் தனித்தனிப் புள்ளிகள். எல்லா நுனியிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலது மங்கல், சிலது சற்றுப் பிரகாசம். தண்டுப் பகுதியில் இடைவிடாத கோடு கிடையாது. பக்கத்தில் இருக்கும் டைட்டர்ஸ் செல்லிலும் தூண் செல்லிலும் ஒன்றும் இருக்கக்கூடாது. 2015இல் டிஎம்சி1உடன் எம்செரி என்ற சிவப்புப் புரதத்தை ஒட்டவைத்த எலிகளில் கண்டது இப்படி நுனியை ஒட்டிய ஒளியைத்தான். உங்கள் முதல் ஆன்டிபாடி காட்டுவது ஆக்டின் கட்டு முழுவதும் ஒட்டிய பச்சை. மயிர்க்கட்டு பல ஆன்டிபாடிகளை, குறிப்பாக முயல் பாலிகுளோனல்களை (முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிக் கலவைகளை), தேவையில்லாமல் இழுத்துக்கொள்ளும் இடம் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. குஞ்சுக் காக்லியாவில் இன்னும் மறையாத கினோசிலியமும் அப்படியே. மேலே ஒற்றைக் கம்பி போல் தனியாக ஒளிர்ந்தால் அதுதான்.

இந்தத் துறை ஒருமுறை சூடு பட்டிருக்கிறது. 2004இல் டிஆர்பிஏ1தான் காதின் இயந்திர உணர்வுச் சேனல் என்று பெரிய அளவில் முன்வைக்கப்பட்டது. மயிர்க்கட்டில் ஆன்டிபாடி ஒளிர்ந்ததும் சான்றுகளில் ஒன்று. 2006இல் அந்த ஜீன் இல்லாத எலிகள் உருவாக்கப்பட்டபோது அவற்றுக்கு நன்றாகவே காது கேட்டது. டிஎம்சி1இன் பாதை நேர் எதிரானது. மரபிலிருந்து தொடங்கியது. 1995இல் இந்தியக் குடும்பங்களில் பரம்பரைக் காதுகேளாமையின் இடம் 9ஆம் குரோமோசோமில் குறிக்கப்பட்டது. அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம் என்பதால், இந்த ஜீன் நமக்குத் தொலைவானது அல்ல. 2002இல் ஜீன் கையில் சிக்கியது. 2011இல் டிஎம்சி1, டிஎம்சி2 இரண்டும் இல்லாத எலியில் மயிர்செல்லின் மின்னோட்டமே இல்லை என்று தெரிந்தது. 2018இல் சிஸ்டீன் மாற்றங்களால் துளையின் சுவரே அதுதான் என்று காட்டப்பட்டது. ஆன்டிபாடி இந்தக் கதையில் பின்னால் வந்த துணைச் சாட்சி. உங்கள் ஆய்விலும் அதற்கு அந்த இடம்தான்.

இப்போது பெப்டைடு பிளாக்கிங். ஆன்டிபாடியை அது எந்தப் பெப்டைடுக்கு எதிராக உண்டானதோ அதனுடனேயே கலந்து ஊறவைத்தால், அதன் பிடிக்கும் கை நிறைந்துவிடும். அந்தக் கை திசுவில் டிஎம்சி1ஐப் பிடித்திருந்தாலும் சரி, அதைப் போலத் தோன்றும் வேறு புரதத்தைப் பிடித்திருந்தாலும் சரி, ஒளி மறைந்தே தீரும். எனவே இந்தச் சோதனை, "ஒளி அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் வந்தது" என்பதை மட்டும் சொல்கிறது. டிஎம்சி1இல் இது கூடுதல் ஆபத்து. அதன் என்-முனையில் லைசினும் குளுட்டமிக் அமிலமும் நெருக்கமாக வரும் மின்னேற்றம் மிகுந்த நீண்ட பகுதி இருக்கிறது. அதைப் போன்ற வரிசை வேறு பல புரதங்களிலும் உண்டு. உங்கள் முதல் ஆன்டிபாடியின் இம்யூனோஜென் (அதை உண்டாக்கப் பயன்படுத்திய துண்டு) அந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். வரிசையைச் சொல்ல மறுக்கும் கம்பெனியின் குப்பியை வாங்கவே வேண்டாம். "மனித டிஎம்சி1இன் உட்பகுதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் கடிதம் எழுதி அமினோ அமில எண்களைக் கேளுங்கள்; பலர் தந்துவிடுவார்கள்.

வரிசை கிடைத்ததும் மூன்று வேலை. அது சுண்டெலியில் மாறாமல் இருக்கிறதா, டிஎம்சி2இல் எவ்வளவு ஒத்திருக்கிறது, எலியின் மற்ற புரதங்களில் தொடர்ச்சியாக 6, 7 அமினோ அமிலம் ஒத்துப்போகும் இடம் எது என்று பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் தேடலில் பார்ப்பது. பதினைந்து நிமிட வேலை, மூன்று மாதம் மிச்சமாகும்.

உண்மையான தீர்ப்பு டிஎம்சி1 இல்லாத திசுவில்தான். அதிலும் எந்தத் திசு என்பதில் கண்ணி இருக்கிறது. பீத்தோவன் எலி என்று ஒன்று உண்டு. அதில் 412ஆம் மெத்தியோனின் லைசினாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புரதம் அப்படியே இருக்கும். செவிட்டு எலி என்று அழைக்கப்படும் டிஎன் வகையில் 14ஆம் எக்ஸான் (ஜீனின் ஒரு துண்டு) போய்விட்டது, ஆனால் மீதியை வாசிக்கும் ஒழுங்கு உடையவில்லை. 57 அமினோ அமிலம் மட்டும் குறைந்த புரதம் உருவாக வாய்ப்பு உண்டு. என்-முனை ஆன்டிபாடிக்கு இந்த எலியை எதிர்மறைக் கட்டுப்பாடாக (ஒளி வரக்கூடாத ஒப்பீடாக) வைத்தால், நல்ல ஆன்டிபாடியையே கெட்டது என்று தூக்கிப் போட நேரலாம். எனவே எந்த எக்ஸான் நீக்கப்பட்டது, உங்கள் பெப்டைடு அதற்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் நாக்அவுட்டை (ஜீன் நீக்கிய எலியை) தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது வயது. காக்லியாவில் டிஎம்சி2 பிறந்த முதல் வாரத்தில் இருந்து பிறகு அடங்கிவிடும். டிஎம்சி1 முதல் வாரத்தின் நடுவில் ஏறத் தொடங்கி நிலைக்கும். டிஎம்சி1 நாக்அவுட்டின் 7ஆம் நாள் காக்லியாவில் இன்னும் ஒளி இருந்தால் அது குப்பையாகவும் இருக்கலாம், டிஎம்சி2ஐப் பிடித்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க அதே நாக்அவுட்டின் 14ஆம் நாளைப் பாருங்கள். டிஎம்சி2 அடங்கியும் ஒளி நிற்கிறது என்றால் குப்பைதான். அதற்கு மேல் வயதுக்குப் போகாதீர்கள். டிஎம்சி1 இல்லாத எலியில் நாளாக ஆக மயிர்செல்கள் சிதையும், சாகிற செல் எந்த ஆன்டிபாடியையும் குடித்துவிடும். உடல் சமநிலைக்கான வெஸ்டிபுலர் மயிர்செல்களில் டிஎம்சி2 வளர்ந்த பிறகும் இருக்கும் என்பதால், அவை இருக்கும் யூட்ரிக்கிளை வைத்து இந்தப் பிரிவினையைச் செய்ய முடியாது. ஒப்பிட எடுக்கும் சாதாரண எலி, நாக்அவுட்டின் ஒரே ஈற்றுச் சகோதரனாக இருக்க வேண்டும். விலங்குக் கூடத்தில் கிடைக்கிறதே என்று சுவிஸ் வெள்ளைச் சுண்டெலியைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எதனால் என்று சொல்ல வழியில்லை.

உயிருள்ள நாக்அவுட் எலியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதிகளுக்கே மாதங்கள் ஓடிவிடும், பிறகு உங்கள் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கூண்டு, இனப்பெருக்கம். ஒரு ஆன்டிபாடியைச் சோதிக்க இவ்வளவு தேவையில்லை. எலியை வைத்திருக்கும் ஆய்வகத்திடம் நிலைப்படுத்திய டெம்போரல் எலும்பு (உள்காதைக் கொண்ட எலும்பு) நான்கு ஜோடி கேளுங்கள்: நாக்அவுட்டும் சகோதரனும், 7ஆம் நாளும் 14ஆம் நாளும். மரியாதையாக, எதற்கு என்று தெளிவாக எழுதிக் கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். திசுவை நிலைப்படுத்தும் 4% பி.எஃப்.ஏ.வில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் 0.02% சோடியம் அசைடு சேர்த்து, உறையாத நிலையில் அனுப்பச் சொல்லுங்கள்.

அது வந்து சேரும்வரை எச்.இ.கே. என்ற ஆய்வகச் செல்லில் முதல் சல்லடையைப் போட்டுவிடலாம். 24 குழித் தட்டில் பாலிலைசின் பூசிய கவர்ஸ்லிப்; குழிக்கு 500 நானோகிராம் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்). ஒன்றில் எம்செரி ஒட்டிய டிஎம்சி1, ஒன்றில் எம்செரி ஒட்டிய டிஎம்சி2, ஒன்றில் வெறும் எம்செரி. 24 முதல் 36 மணி நேரத்தில் நிலைப்படுத்தி, உங்கள் ஆன்டிபாடியைப் பச்சையில் போடுங்கள். எல்லாச் செல்லும் டி.என்.ஏ.வை வாங்கிக்கொள்ளாது என்பது இங்கே நமக்கு வசதி: ஒரே காட்சியில் சிவப்புள்ள செல்லும் இல்லாத செல்லும் அடுத்தடுத்து நிற்கும். சிவப்புள்ளதில் மட்டும் பச்சை வந்தால் தேறியது. சிவப்பில்லாத பக்கத்துச் செல்லிலும் அதே பச்சை என்றால் அந்தக் குப்பியின் கதை அங்கேயே முடிந்தது. டிஎம்சி2 குழியும் ஒளிர்ந்தால் குறுக்குப் பிடிப்பு. ஒன்றை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்: எச்.இ.கே.யில் டிஎம்சி1 செல்லின் மேற்பரப்புக்கு வராது, எண்டோபிளாச வலைக்குள்ளேயே தங்கிவிடும். எனவே ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருளைப் போட்டுத் துளையிட்டே ஆக வேண்டும். இதில் தேறுவது நுழைவுத் தேர்வு மட்டுமே. இங்கே ஒரு செல்லில் குவிந்து கிடக்கும் அளவு, காதில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாதது.

இனி காக்லியாவைச் சாயமேற்றும் முறை. தவறுகள் அதிகம் நடக்கும் இடங்களில் மட்டும் நிற்கிறேன். டெம்போரல் எலும்பை எடுத்ததும் வட்டச் சாளரத்தையும் நீள்வட்டச் சாளரத்தையும் திறந்து, உச்சியில் ஊசியால் சிறு துளை இட்டு, 4% பி.எஃப்.ஏ.வை மெல்ல உள்ளே செலுத்துங்கள். வெளியே ஊறவைத்தால் மட்டும் போதாது. உள்ளே திரவம் போகும் முன்பே செல்கள் கெட்டுவிடும். நேரம் 30 நிமிடம். இங்கே மதுரைக்கு ஒரு எச்சரிக்கை. புத்தகம் "அறை வெப்பநிலை" என்று எழுதுவது 20, 22 டிகிரியை. ஏ.சி. நின்றுபோன சித்திரை மாதத்து ஆய்வகத்தில் அது 36 டிகிரி. ஆல்டிஹைடு வேகமாகக் குறுக்குப் பிணைப்புப் போட்டு, ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடத்தை மூடிவிடும். தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் விட்டு ஐஸ் போட்டு, தெர்மாமீட்டரில் 22 டிகிரி காட்டும்போது குழாயை அதில் மிதக்கவிடுங்கள். இதைச் செய்தாலே மார்ச் மாதத்துப் படமும் டிசம்பர் மாதத்துப் படமும் ஒத்துப்போகும். பி.எஃப்.ஏ. அன்றன்று கரைத்ததாக இருக்கட்டும், அல்லது உறைய வைத்த பங்கை ஒரே ஒருமுறை உருக்கியதாக. பி.பி.எஸ்.ஸுக்கு மில்லி-க்யூ தண்ணீர்தான். போர்வெல் உப்பு சரியாகப் போகாத தண்ணீரில் கால்சியம் பாஸ்பேட் மணல் மணலாகப் படிந்து, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் புள்ளிகளாக ஒளிரும். புள்ளியைத் தேடும் ஆய்வில் இதைவிட மோசமான எதிரி இல்லை.

7ஆம் நாளில் எலும்பு மெல்லியது, கால்சியம் நீக்கத் தேவையில்லை. வளர்ந்த எலிக்கு 120 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பி.எச். 7.4, 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள். பிறகு எலும்புச் சுவரை உடைத்து, பக்கச் சுவரை உரித்து, கார்ட்டி உறுப்பை (மயிர்செல்கள் இருக்கும் பட்டையை) வெளியே எடுங்கள். டெக்டோரியல் சவ்வை முழுதாக நீக்குவதுதான் கைத்திறமை. அது மயிர்க்கட்டின் மேல் படுத்திருக்கும் ஜெல்லி. விட்டுவைத்தால் ஆன்டிபாடியை வழியிலேயே தடுக்கும், தானும் அதை உறிஞ்சி ஒளிரும். நுனி மழுங்காத நுண் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, அடிச்சுற்றிலிருந்து உச்சியை நோக்கி ஒரே இழுப்பாக எடுத்தால் நூல் மாதிரி வந்துவிடும். துண்டு துண்டாகப் பிய்த்தால் மயிர்க்கட்டும் கூட வரும்.

0.5% ட்ரைட்டானில் 30 நிமிடம், 10% ஆட்டுச் சீரத்தில் ஒரு மணி நேரம். செகண்டரி (பிரைமரி எனப்படும் முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி) எந்த விலங்கில் உண்டானதோ அதே விலங்கின் சீரம் என்பதே விதி. ஆட்டுப் பிரைமரியைப் பயன்படுத்தும் நாளில் ஆட்டுச் சீரமும் மாட்டு ஆல்புமினும் இரண்டுமே ஆபத்து. ஆட்டுக்கு எதிரான செகண்டரி மாட்டு ஐஜிஜியையும் (ரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஆன்டிபாடியையும்) பிடிக்கும். சுண்டெலி மோனோகுளோனலைச் சுண்டெலித் திசுவில் போட்டால் திசுவில் இருக்கும் சொந்த ஐஜிஜி எல்லாம் ஒளிரும். முயல் பிரைமரி கிடைத்தால் அதையே எடுங்கள். பிரைமரியை "1:200" என்று எண்ணாமல் மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணுங்கள். 2 மைக்ரோகிராமை ஒட்டி 0.5, 1, 2, 5 என்று ஒரு தொடர் போடுங்கள். பக்கத்தில் அதே அளவு சாதாரண முயல் ஐஜிஜி. செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடு செகண்டரியைப் பற்றி மட்டுமே சொல்லும்; பிரைமரியின் நாணயத்துக்கு அது சாட்சி ஆகாது.

இரவு முழுவதும் 4 டிகிரி. 50 மைக்ரோலிட்டர் துளியில் திசுவை வைக்கும்போது, ஓரம் இறுகப் பூட்டும் சாப்பாட்டு டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து அதற்குள் வையுங்கள். நம் ஊர்க் காற்று ஈரமில்லாதது; ஓரம் ஒருமுறை காய்ந்தால் போதும், காய்ந்த விளிம்பு முழுவதும் பொய்யாக ஒளிரும், அதைக் கழுவி எடுக்கவே முடியாது. பி.பி.எஸ்.ஸில் 10 நிமிடமாக மூன்று கழுவல், செகண்டரி 1:500 ஒரு மணி நேரம், ஃபலாய்டின் 30 நிமிடம். மெத்தனாலில் நிலைப்படுத்திய திசுவில் ஃபலாய்டின் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

கன்ஃபோகலில் 63× ஆயில், 1.4 துளை எண், 0.2 மைக்ரான் படி. ஸ்டீரியோசிலியத்தின் பருமனே கிட்டத்தட்ட ஒளி பிரித்தறியும் எல்லை அளவுதான். நேர்மேலிருந்து பார்த்தால் நுனியும் தண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கட்டு பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும் இடங்களைத் தேடி எடுங்கள். நுனியா தண்டா என்பதை அங்கேதான் சொல்ல முடியும். லேசர், கெயின் இரண்டையும் சாதாரணத் திசுவில் ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு நாக்அவுட்டுக்கு மாற்றாதீர்கள்.

வெஸ்டர்னுக்கு: முழு காக்லியா வேண்டாம். எலும்பும் ரத்தமும் நரம்பும் சேர்ந்து நீர்த்துவிடும். உணர்வு எபிதீலியத்தை மட்டும் பிரித்து 20 காக்லியாவையாவது சேருங்கள், 1,00,000 ஜி.யில் ஒரு மணி நேரம் சுழற்றிச் சவ்வுப் பகுதியை எடுத்தால் நல்லது. பழக்கத்தில் 95 டிகிரியில் கொதிக்கவிடும் அந்த ஐந்து நிமிடம்தான் இங்கே பெரும்பாலான தோல்விக்குக் காரணம். பத்து முறை சவ்வைத் தாண்டும் புரதம் கொதித்தால் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே உட்கார்ந்துவிடும். லேம்லி பஃபரில் 37 டிகிரி, 30 நிமிடம் போதும். 7.5% ஜெல், மெத்தனாலில் நனைத்த பி.வி.டி.எஃப். தாள், 4 டிகிரியில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும் மாற்றம். மின்சாரம் போனால் மாற்றம் பாதியில் நிற்கும், பட்டை வராததற்கு ஆன்டிபாடியைப் பழிப்போம். பவர் பேக்கை யூ.பி.எஸ்.ஸில் வையுங்கள். சோடியம் பொட்டாசியம் ஏ.டி.பி.ஏஸ் சவ்வுப் பகுதிக்கு நல்ல லோடிங் கட்டுப்பாடு. ஜெல்லில் எச்.இ.கே. டிஎம்சி1 மாதிரியை மிகவும் நீர்த்து ஒரு தடத்தில் ஏற்றுங்கள்; அதன் பட்டை எங்கே வருகிறதோ அங்கே காக்லியா பட்டையும் வர வேண்டும், ஒட்டிய எம்செரிக்கான 27 கிலோடால்டனைக் கழித்துக்கொண்டு. அசைடு கலந்த பஃபரை எச்.ஆர்.பி. நொதி ஒட்டிய செகண்டரிக்குப் பயன்படுத்தினால் நொதி செத்துவிடும்.

குப்பியைப் பாதுகாப்பது சிறு விஷயம் அல்ல. கூரியர் பெட்டி வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திருவிழா விடுமுறையில் கிடங்கில் மூன்று நாள் கிடந்தால், திறக்கும்போது ஜெல் பேக் வெந்நீராக இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆர்டர் வந்து சேராதபடி பாருங்கள். வந்ததும் 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து −20இல் வையுங்கள், தானே பனி நீக்கும் வீட்டு ஃப்ரிட்ஜில் வேண்டாம். அது தினமும் உருக்கி உறைய வைக்கும். ஒளிர்சாயம் ஒட்டிய செகண்டரியை உறைய வைக்காமல் 4 டிகிரியில், இருட்டில். லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பாலிகுளோனலில் அடுத்த லாட் என்பது வேறு முயல். சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இரண்டுமே தோற்றால் சொந்தமாக உண்டாக்கலாம். மின்னேற்றம் நிறைந்த என்-முனைப் பகுதியைத் தவிர்த்து, டிஎம்சி2இல் ஒத்துப்போகாத 15 முதல் 20 அமினோ அமிலத்தை உட்பக்க முனைகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் ஒரு சிஸ்டீன் சேர்த்து கே.எல்.எச். என்ற சுமக்கும் புரதத்துடன் இணைக்க வேண்டும். இரண்டு முயல்கள், மூன்று மாதம். முதல் ஊசிக்கு முன் ஒவ்வொரு முயலிடமும் ரத்தம் எடுத்து வைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த முன்சீரமே மயிர்க்கட்டை ஒளிரச் செய்யும் முயலை முதல் நாளே விலக்கிவிடலாம். சீரத்தில் ஆன்டிபாடி அளவைப் பார்க்கும் எலைசாவில் கே.எல்.எச். அல்லாமல் ஆல்புமினுடன் இணைத்த பெப்டைடைப் பூசுங்கள். இல்லையென்றால் கே.எல்.எச்.சுக்கு எதிரான டைட்டரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்போம். பெப்டைடு தூணில் சுத்திகரித்து, பி.எச். 2.7 கிளைசினில் இறக்கிய உடனே ட்ரிஸ் விட்டு நடுநிலையாக்க வேண்டும்.

பியேசோ2 என்ற இன்னொரு இயந்திர உணர்வுச் சேனலையும் பார்க்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சுமார் 2,800 அமினோ அமிலம் கொண்ட மலை, 300 கிலோடால்டனைத் தாண்டும். 3–8% ட்ரிஸ்-அசிட்டேட் ஜெல் இல்லாமல் முயல வேண்டாம். மயிர்செல்லில் அது நுனியில் இல்லை, செல்லின் மேல்தளத்தில். அதற்கு ஜி.எஃப்.பி. (பச்சை ஒளிர்புரதம்) ஒட்டிய எலியும் ஜி.எஃப்.பி. ஆன்டிபாடியும்தான் நேரான வழி.

ஆன்டிபாடி இல்லாத சாட்சி ஒன்றும் கையில் இருக்கட்டும். உயிருள்ள காக்லியாவில் எஃப்எம்1-43 சாயம் 5 மைக்ரோமோலார், 30 நொடி. திறந்திருக்கும் சேனல் வழியாக அது மயிர்செல்லுக்குள் புகும். டிஎம்சி1, 2 இரண்டும் இல்லாத எலியில் புகாது. நிலைப்படுத்தக்கூடிய வகையை வாங்கினாலும் ட்ரைட்டான் அதைக் கழுவிவிடக்கூடும் என்பதால், ஆன்டிபாடி போடும் துண்டில் அல்ல, எதிர்க் காதில் செய்யுங்கள்.

கடைசியாக உங்கள் இரண்டாவது குப்பி. வெஸ்டர்னில் ஒன்றும் தராமல், செல்லுக்குள் மூட்டம் மட்டும் தரும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். இவ்வளவு குறைவான புரதத்துக்கு அந்த அடக்கமான விடைதான் பொருத்தமாக இருக்கிறது. மூட்டம் எண்டோபிளாச வலையில் இருக்கும் டிஎம்சி1ஆக இருக்கலாம். நுனியில் வராததற்கு, டிஎம்சி1இன் உட்பக்கத்தில் சிஐபி2 போன்ற கூட்டாளிப் புரதங்கள் ஒட்டிக்கொண்டு பெப்டைடு பகுதியை மறைத்திருக்கலாம். மூன்று துண்டு எடுங்கள்: ஒன்று பி.எஃப்.ஏ. 10 நிமிடம், ஒன்று 30 நிமிடம், ஒன்று 30 நிமிடத்துக்குப் பிறகு 0.5% எஸ்.டி.எஸ்.ஸில் 5 நிமிடம் வைத்து ஆறு முறை கழுவியது. மூன்றாவதில் ஃபலாய்டின் மங்கலாம். மயோசின் 7ஏ ஆன்டிபாடியை வைத்து மயிர்செல்லை அடையாளம் காணுங்கள், அது வேறு விலங்கில் உண்டானதாக இருக்கட்டும். நாக்அவுட் எலும்புகள் வந்ததும் அவற்றையும் இதே மூன்று முறையில் செய்து, ஸ்லைடுகளின் பெயரை மறைத்து வேறொருவர் கையால் எண் ஒட்டச் சொல்லி, எண்ணை மட்டும் பார்த்துப் புள்ளிகளை எண்ணுங்கள்.